பழைய தையற்பொறிக்குப் புத்துயிர்

1924-இல் காந்தியடிகளிடம் இயந்திரங்களைப் பற்றி வினாத் தொடுத்த மாணவர், நம் திருவனந்தபுரம் வட்டாரத்தைச் சேர்ந்த ஜி. இராமச்சந்திரன்; பின்னாளில் காந்திகிராமம் கண்டவர். அவருக்கு விடையளித்த அடிகள், விதிவிலக்காகப் போற்றியது சிங்கர் தையற்பொறியை. மனிதரின் வீண் சிரமத்தை அது குறைத்ததே காரணம்.

அத்தகைய பொறியொன்று நம் வீட்டு மூலையிலும் உறங்கக்கூடும். அதை மிதித்தே தாயார் நம் பள்ளிக் கட்டணத்தைச் செலுத்தியிருப்பார். சக்கரம் சுழலவில்லையென்று பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள்! பெரும்பாலும் பழைய எண்ணெய்தான் பிசினாக இறுகியிருக்கும். மேற்பூச்சில் படாமல் எண்ணெய்த் துளைகளில் மண்ணெண்ணெய் விட்டு, ஓரிரு நாள் ஊறவிடுங்கள், அடுப்பருகே வேண்டாம். பின் மெல்லச் சுழற்றிக் கசடைத் துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் இடுங்கள். தேங்காய் எண்ணெய் போன்ற சமையல் எண்ணெய்கள் ஆகா. நாளடைவில் அவையும் இறுகும்.

துணிக்கு அடியில் நூல் சிக்குகிறதா? குற்றம் பெரும்பாலும் மேல்நூலில்தான். துணியை அழுத்தும் பாதத்தை உயர்த்திவைத்து நூலை மீண்டும் கோத்துப் பாருங்கள். அப்போதுதான் இறுக்கத் தட்டுகளுக்கிடையே நூல் படியும். தையல் விட்டுவிட்டு விழுந்தால் ஊசியை மாற்றுங்கள். ஊசி வளைந்திருந்தால் அடியிலுள்ள கொக்கி மேல்நூலைப் பற்றாது.

புதிய ஊசி, சிறிது எண்ணெய், நிறையப் பொறுமை: செலவு இவ்வளவே. வரும் விடுமுறையில் முயன்று பாருங்கள், நண்பர்களே! அந்தப் பழைய ஓசை கேட்டு முதலில் முகம் மலர்பவர் தாயாராகவே இருப்பார்.