வாய்பாட்டுத் தொடரும் பெருக்கற் கல்வியும்

தொடக்கப்பள்ளி மாணவர் ஒன்று முதல் ஒன்பது வரையிலான எண்களின் பெருக்கற்பலன்களை மனத்தில் இருத்துவது எண்கணிதத்தின் அடிப்படைத் தேவையாகும். ஓதிக் கற்கும் மாணவரிடம் இப்பலன்கள் குறியீடுகளாக அன்றிச் சொற்றொடர்களாகவே பெரிதும் தங்குகின்றன. ஆதலின் வாய்பாடு கணிதப் பொருள் மட்டுமன்று, மொழிப் பொருளுமாகும். பிறமொழிக் கணிதநூல்களைத் தமிழாக்குவோர் இதனைக் கருதாவிடின் மாணவர் இடர்ப்படுவர். அவ்விடரின் இயல்பை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

1. தொடரமைப்பு

தமிழில் இரண்டாம் வாய்பாடு 'ஓரிரண்டு இரண்டு, ஈரிரண்டு நான்கு, மூவிரண்டு ஆறு' எனச் செல்லும். பெருக்கும் எண் முதலில் நின்று ஓர், ஈர், மூ என அடைவடிவம் பெறுகிறது. வாய்பாட்டுக்குரிய எண் அதன்பின் மாறாது நிற்கிறது. பலன் வினைச்சொல்லின்றி இறுதியில் வருகிறது. இந்தியிலோ 'தோ ஏகம் தோ, தோ தூனீ சார், தோ தியா சே' என்பது முறை. அங்கு வாய்பாட்டு எண் முன்னும், ஏகம், தூனீ, தியா எனத் தனிவடிவம் கொள்ளும் பெருக்கும் எண் பின்னும் அமைகின்றன.

இதனால் 2 × 3 என்ற குறியீடு இந்தி வாய்பாட்டு முறையில் 'இரண்டு, மும்முறை' எனப் பொருள்படும். தமிழ் மாணவர் அதனை 'இருமூன்று' என்றே படிப்பர். பலன் இரண்டிலும் 6 ஆயினும் பொருள் வேறு. தட்டுக்கு இரண்டாக மூன்று தட்டுகளில் இட்லி வைப்பது மூவிரண்டு. தட்டுக்கு மூன்றாக இரு தட்டுகளில் வைப்பது இருமூன்று. பெருக்கலின் பொருளை முதன்முதலாக உணரும் நிலையில் இவ்வேறுபாடு புறக்கணிக்கத்தக்கதன்று.

2. பொருள் மயக்கம்

எண்ணுப்பெயர்கள் அடுத்து நிற்பது தமிழில் தோராயத்தையும் உணர்த்தும். 'ஐந்தாறு பேர்' என்பது ஐந்து அல்லது ஆறு பேரைக் குறிக்கும். 'ஐயாறு' முப்பதைக் குறிக்கும். இங்கு அடைவடிவம் பொருளைப் பிரித்துக் காட்டுகிறது. 'நாலைந்து', 'ஏழெட்டு' ஆகியவற்றில் இப்பாதுகாப்பு இல்லை. 'ஏழெட்டு நாள்' என்று வீட்டில் கேட்ட குழந்தை, 'ஏழெட்டு ஐம்பத்தாறு' என்று வகுப்பில் கேட்கிறது. ஏழு வரிசைகளில் வரிசைக்கு எட்டுப் புளியங்கொட்டைகளை அடுக்கிக் காட்டிய பின்னரே இத்தொடரை ஓதச் செய்வது நன்று.

3. எண்ணுப்பெயரின் தெளிவு

இந்தியில் 49 'உன்சாஸ்', 56 'சப்பன்'. இவற்றில் பத்தும் ஒன்றும் வெளிப்படையாகப் பிரிவதில்லை. நாற்பத்தொன்பது, ஐம்பத்தாறு என்னும் தமிழ்ப்பெயர்களில் இடமதிப்பு செவிக்கே புலனாகும். ஒன்பதாம் வாய்பாட்டில் 'ஏழொன்பது அறுபத்து மூன்று' என்னும்போது, பத்தின் இலக்கம் பெருக்கும் எண்ணைவிட ஒன்று குறைவதையும், ஆறும் மூன்றும் சேர்ந்து ஒன்பதாவதையும் மாணவர் தாமே காணலாம்.

4. நினைவுச் சுமை

ஒன்பது வாய்பாடுகளிலும் ஒன்பது வரை உள்ள பலன்கள் 81. பரிமாற்றுப் பண்பினால் இவை 45 ஆகக் குறையும். ஒன்று, இரண்டு, ஐந்து, ஒன்பது ஆகியவற்றின் எளிய வாய்பாடுகளை நீக்கின் எஞ்சுவன 15 மட்டுமே. ஆனால் 'மூவேழு', 'ஏழுமூன்று' என்பன செவிக்கு வெவ்வேறு தொடர்கள். அவற்றை இணையாகவே பயிற்றவேண்டும். வரிசையாக மட்டும் ஓதியவர் இடையிலுள்ள ஒரு பலனைச் சொல்லவும் முதலிலிருந்தே தொடங்குவர். எனவே வரிசை மாற்றிக் கேட்டலும் இன்றியமையாதது.

5. மொழிபெயர்ப்பாளர்க்கு

மூலநூலில் 2 × 1, 2 × 2, 2 × 3 என இரண்டாம் வாய்பாடு அமைந்திருப்பின், தமிழில் 1 × 2, 2 × 2, 3 × 2 என மாற்றியமைத்தல் வேண்டும். 'இரண்டு பெருக்கல் மூன்று சமம் ஆறு' என்பது குறியீட்டைப் படிக்கும் முறையேயன்றி ஓதுதற்குரிய தொடர் அன்று. சொல்லை மட்டும் பெயர்த்துத் தொடரின் ஒழுங்கை விட்டுவிட்டால், வாய் சொல்வது ஒன்றும் கண் காண்பது வேறொன்றுமாகிவிடும்.