அலை ஏன் சிறுத்தது?

தலையில் ஈ.ஈ.ஜி. தொப்பியை மாட்டிக்கொண்டு ஒருவர் சத்தமில்லாத படம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். காதில் ஒரே மாதிரியான 'பீப்' ஒலி விடாமல் வருகிறது. எப்போதாவது ஒன்று மட்டும் சற்று நீண்டோ சுருதி மாறியோ ஒலிக்கிறது. அதை அவர் கவனிக்க வேண்டியதில்லை. ஆனாலும் மாறிய ஒலி கேட்ட கால் விநாடிக்குள் மூளையின் மின்பதிவில் சிறு அலை ஒன்று இறங்கி எழுகிறது. பின்லாந்தின் ரிஸ்டோ நாட்டானென் என்பவரும் அவரது சகாக்களும் 1978-இல் விவரித்த அந்த அலை, மனச்சிதைவு எனப்படும் ஸ்கிசோஃப்ரினியா உள்ளவர்களிடம் சராசரியாகச் சிறுத்திருப்பது 1991 முதல் பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. மனநோய் ஆராய்ச்சியில் இவ்வளவு நிலைத்து நின்ற கண்டுபிடிப்புகள் குறைவு. இருந்தும் அதை வைத்து ஒரு நோயாளிக்கு மருந்து எழுத முடியவில்லை.

காரணம், அலையின் அளவு மட்டும் எதையும் சொல்வதில்லை. வண்டி மெதுவாகப் போனால் ஆக்ஸிலரேட்டர் சரியாகப் பிடிக்கவில்லையா, பிரேக் இறுகியிருக்கிறதா என்று வேகமானியைப் பார்த்துச் சொல்ல முடியாது. மூளையிலும் தூண்டும் நரம்புச் செல்கள் உண்டு, அவற்றை அடக்கும் செல்களும் உண்டு. எது பிசகினாலும் அலை மாறும். கணினி மாதிரிகளுக்கு வேலை இருப்பது இங்கேதான். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் கார்ல் ஃபிரிஸ்டனின் குழு 2003-இல் முன்வைத்துப் பின்னர் ஈ.ஈ.ஜி.க்கும் விரித்த முறை, செவிப்புலப் பகுதியையும் மூளையின் முன்பகுதியையும் அவற்றின் இணைப்புகளையும் சமன்பாடுகளாக எழுதி, அவை பிறப்பிக்கும் போலி அலையை நிஜ அலையோடு ஒப்பிடுகிறது. எந்த இணைப்பின் வலுவை எவ்வளவு மாற்றினால் இரண்டும் ஒத்துப்போகின்றன என்று தேடுகிறது. 'தூண்டுதல் குறைந்தது' என்பவரும் 'அடக்குதல் பிசகியது' என்பவரும் ஒரே பதிவின் முன் பந்தயம் கட்டியாக வேண்டும். மாதிரியின் பயன் இதுதான். மூளையை அச்சு அசலாக நகலெடுப்பது அதன் வேலையல்ல.

திருப்பிப் பார்க்கத் திருகுகள் போதுமான அளவு இருந்தால் எந்தக் கணக்கும் எந்த அலைக்கும் பொருந்திவிடுமே என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அதனால்தான் தேவையில்லாமல் சிக்கலான மாதிரிக்கு மதிப்பெண் குறைக்கப்படுகிறது. அதைவிட நம்பத்தக்கது, விடை தெரிந்த கணக்குகளைக் கொடுத்துப் பார்ப்பது. மரபணுக் கோளாறால் நரம்புச் செல்லின் அயனி வாயில்கள் பழுதானவர்களின் மூளைப் பதிவிலிருந்தே, பழுது எந்த வகை வாயிலில் என்பதை இத்தகைய மாதிரியால் கண்டுபிடிக்க முடிந்திருக்கிறது.

மனச்சிதைவில் கிடைத்த பதில் சுவாரசியமானது. ரிக் ஆடம்ஸ் தலைமையில் 2022-இல் வெளியான ஆய்வு நூற்றுக்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகளை எடுத்துக்கொண்டது. இந்த அலை, ஓய்வு நிலை ஈ.ஈ.ஜி., விநாடிக்கு 40 முறை துடிக்கும் ஒலிக்கு மூளை தரும் பதில், எம்.ஆர்.ஐ. என்று நான்கு வகை அளவீடுகளையும் ஒரே மாற்றம் நன்றாக விளக்கியது: தூண்டும் செல்கள் வரும் சமிக்ஞையைப் பெருக்கும் திறன் தளர்ந்திருந்தது. தூண்டும் சமிக்ஞையைப் பெறும் என்எம்டிஏ ஏற்பிகளை முடக்கும் கீட்டமின் என்ற மயக்க மருந்து, நலமுள்ளவர்களிடமும் இந்த அலையைச் சிறுக்க வைப்பது இதோடு ஒத்துப்போகிறது. ஆனால் இல்லாத ஒலி கேட்பது போன்ற அனுபவங்கள் அதிகம் உள்ளவர்களிடம் அடக்கும் பக்கமும் தளர்ந்திருந்தது. முதலில் தூண்டுதல் தளர, அதை ஈடுகட்ட மூளை அடக்குதலையும் தளர்த்த, அந்தச் சரிக்கட்டலே குரல்களுக்கு வழிவிடுகிறது என்பது அவர்களின் ஊகம். அலையின் உயரத்தை மட்டும் அளந்துகொண்டிருந்தால் இப்படியொரு ஊகம் பிறந்தே இருக்காது.

நோயாளிகள் பல ஆண்டுகளாக விழுங்கும் மருந்தின் விளைவுதானே இது என்ற ஆட்சேபத்தை அவ்வளவு சுலபமாகத் தள்ள முடியாது. நோய் தொடங்கிய புதிதில் அலையின் சரிவு குறைவாகவே தெரிகிறது. மனநோய் மருந்தே எடுக்காத நலமுள்ளவர்களிடம் நடந்த கீட்டமின் சோதனை பாதிப் பதிலைத் தருகிறது. மீதிக்கு, ஆரம்பம் முதலே ஒருவரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து அளக்க வேண்டும்.

சிகிச்சைக்கு என்ன பயன்? 1950-களின் குளோர்ப்ரோமசின் தொடங்கி பல பத்தாண்டுகளாக வந்த மருந்துகள் பெரும்பாலும் டோபமின் என்ற மூளை வேதிப்பொருளையே குறிவைத்தன. என்எம்டிஏ ஏற்பிக்கு வலுவூட்ட வந்த பிட்டோபெர்டின், பெரிய சோதனைகளில் தோற்றது. தோற்றது மருந்தா, அல்லது தூண்டுதல் தளர்ந்தவரையும் அடக்குதல் தளர்ந்தவரையும் ஒரே வரிசையில் நிறுத்திய சோதனையா? இதை அறிய, மருந்து தொடங்கும் முன்பே யாருக்குக் கேட்கும், யாருக்குக் கேட்காது என்று மாதிரி எழுதிக் கொடுத்து, பிறகு அது சரிபார்க்கப்பட வேண்டும். இப்போதைக்கு நோயாளிகளின் எண்களும் மற்றவர்களின் எண்களும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. தனி ஒருவரின் அலையை வைத்து நோயைக் கண்டறிகிறோம் என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்ப வேண்டாம்.