வாழைப்பழப் புட்டிங் வந்த கண்ணாடிப் பாத்திரம்

அமெரிக்க நாட்டின் தென் மாநிலங்களில் ஒரு வீட்டில் துக்கம் நேர்ந்துவிட்டால், மாலைக்குள் அவ்வீட்டுச் சமையலறை மேசை நிரம்பிவிடும். பொரித்த கோழி, வேகவைத்த பீன்ஸ், சோள ரொட்டி என்று அண்டை வீட்டாரும் ஆலயத்தாரும் ஆளுக்கொன்றாகச் சமைத்து வந்து வைப்பர். அவற்றிடையே பெரும்பாலும் ஆழமான கண்ணாடிப் பாத்திரம் ஒன்றும் காணப்படும். பக்கவாட்டில் நோக்கினால் பழுப்பும் மஞ்சளும் வெண்மையுமாக அடுக்குகள் தெரியும். அதுவே அந்நாட்டார் பெரிதும் விரும்பும் வாழைப்பழப் புட்டிங்.

நாம் 2011 முதல் 2015 வரை மிசிசிப்பி மாநிலத்தின் ஒரு சிறு பங்கில் பணியாற்றினோம். 2013 ஆகஸ்டில் ஒரு நள்ளிரவில், எம் அன்னையார் இறைவனடி சேர்ந்த செய்தி தொலைபேசி வழி வந்தது. ஊரிலோ மறுநாளே நல்லடக்கம். விமானம் ஏறினாலும் வீடு சேர இரண்டு நாள் ஆகும். பெற்றவளின் முகத்தை இறுதியாக ஒருமுறை காணும் பேறும் எமக்கு வாய்க்கவில்லை. அன்று காலைத் திருப்பலியை எவ்வாறு நிறைவேற்றினோம் என்பது இன்றளவும் நினைவில் இல்லை.

நண்பகலுக்குப் பின் பங்கு இல்லத்தின் கதவு தட்டப்படலாயிற்று. ஒருவர் பின் ஒருவராக வந்தனர். எம் அன்னையாரை அவர்கள் கண்டவர்கள் அல்லர். அவருடைய பெயரைச் சொல்லவும் அவர்கள் நா ஒத்துழைக்கவில்லை. இறுதியாக, எண்பது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் இரு கைகளாலும் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தை ஏந்தி வந்தார். அதிகம் பேசவில்லை. "பாதர், இதைக் குளிர்பெட்டியில் வையுங்கள். நாளைக்கு இன்னும் நன்றாயிருக்கும்" என்று மட்டும் கூறிச் சென்றார். பாத்திரத்தின் அடியில் ஒரு வெள்ளைப் பட்டை ஒட்டப்பட்டு, அதில் அவர் பெயர் மையால் எழுதப்பட்டிருந்தது.

பத்துப் பாத்திரங்கள் கூடும் இடத்தில் எது எவருடையது என அறியவே இந்த ஏற்பாடு. ஆனால் இதில் வேறொரு நன்மையும் உண்டு. பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கத் துக்கத்தில் இருப்பவர் என்றேனும் ஒருநாள் வாயிற்படி தாண்டி வெளியே வந்தேயாக வேண்டும்! நம் ஊர்களிலும் துக்க வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. உறவினரே சோறும் குழம்பும் கொண்டுவருவர். இக்காலத்தில் அவ்வுணவு பெரும்பாலும் உணவு விடுதியிலிருந்து பொட்டலங்களாக வருகின்றது. அவற்றைத் திருப்பிக் கொடுக்க எவரும் எங்கும் செல்லவேண்டியதில்லை.

இரு வாரங்கள் கழித்து நாம் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அவர் இல்லம் சென்றோம். வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கலாகாது என்பது எம் அன்னையார் கற்பித்த பாடம். ஆதலின் எமக்குத் தெரிந்த அளவில் சேமியாப் பாயசம் காய்ச்சி அதில் ஊற்றியிருந்தோம். அம்மூதாட்டி பாயசத்தைச் சுவைத்தார். பிறகு எம்மைத் தம் சமையலறையில் நிறுத்தி, புட்டிங் செய்யும் முறையைக் காட்டினார்.

இப்பண்டத்தின் வரலாறு சுவையானது. வாழை அந்நாட்டுக்கு அயல் பயிர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நீராவிக் கப்பல்கள் மத்திய அமெரிக்காவிலிருந்து வாழைத்தார்களை நியூ ஆர்லியன்ஸ் முதலிய துறைமுகங்களில் இறக்கின. பனிக்கட்டி வைத்த இரயில் பெட்டிகள் அவற்றை வடக்கே கொண்டு சென்றன. கென்டக்கி மாநிலத்தின் ஃபுல்டன் என்னும் சிற்றூரில் அப்பெட்டிகளில் புதுப் பனிக்கட்டி நிரப்பப்பட்டது. அந்நினைவாகப் பிற்காலத்தில் அவ்வூரார் வாழைப்பழ விழா எடுத்து, ஒரு டன் எடையில் இதே புட்டிங்கைச் செய்து வந்தனர். இந்த இனிப்பில் கசப்பும் உண்டு. 1928-இல் கொலம்பியாவில், யுனைடெட் ஃப்ரூட் நிறுவனத்தின் வாழைத் தோட்டங்களில் வேலை நிறுத்தம் செய்த தொழிலாளர்மீது அந்நாட்டு இராணுவம் சுட்டது. மலிவான பழத்தின் விலையை வேறெங்கோ சிலர் செலுத்தினர்.

தொடக்கத்தில் இப்புட்டிங் பிஸ்கட்டு இன்றியே செய்யப்பட்டது. 1888-இல் ஓர் அமெரிக்கப் பெண்கள் இதழ், ஆங்கிலேயரின் டிரைஃபிளைப் போலக் கேக்குத் துண்டுகளை அடுக்கிச் செய்யும் முறையை வெளியிட்டது. வெனிலா மணமுள்ள சிறு வட்ட பிஸ்கட்டுகள் பின்னரே கேக்கின் இடத்தைப் பிடித்தன. 1940-களில் நபிஸ்கோ நிறுவனம் தன் பிஸ்கட்டுப் பெட்டியிலேயே செய்முறையை அச்சிட, அது வீடுதோறும் பரவிற்று.

இனிச் செய்முறை. அரை லிட்டர் பால், மூன்று முட்டை, நூறு கிராம் சர்க்கரை, நாற்பது கிராம் மைதா, ஒரு சிட்டிகை உப்பு, அரைத் தேக்கரண்டி வெனிலா, நன்கு பழுத்த ஐந்து வாழைப்பழம், நாற்பது பிஸ்கட்டுகள் வேண்டும். முட்டையின் மஞ்சள் கருவையும் வெள்ளைக் கருவையும் தனித்தனியே பிரித்துக்கொள்க. அடி கனத்த பாத்திரத்தில் சர்க்கரை, மைதா, உப்பு மூன்றையும் முதலில் உலர்வாகக் கலக்க வேண்டும். இல்லையேல் மைதா கட்டிபடும். பிறகு மஞ்சள் கருவையும் பாலையும் சேர்த்து, சிறு தீயில் கை ஓயாமல் கிண்டுக. கெட்டியானவுடன் இறக்கிவிடுதல் பலர் செய்யும் பிழை. கலவை குமிழ் விட்டு ஒரு நிமிடமேனும் கொதித்தல் வேண்டும். மஞ்சள் கருவில் மாவுப்பொருளை நெகிழ்விக்கும் நொதி ஒன்று உள்ளது. கொதியாவிடில் அது செயற்பட்டு, இரவில் கெட்டியாயிருந்ததைக் காலையில் நீர்த்துப்போகச் செய்துவிடும். இறக்கிய பின் வெனிலா சேர்க்கலாம்.

அடுப்பு வெப்பம் தாங்கும் கண்ணாடிப் பாத்திரத்தில் பிஸ்கட்டு, அதன்மேல் வட்டமாக நறுக்கிய பழம், அதன்மேல் சூடான கலவை என மும்முறை அடுக்குக. காற்றுப்பட்டால் பழம் கறுக்குமாதலால், அடுக்கும் வேளையில் நறுக்குவதே முறை. கலவை பழத்தை முற்றிலும் மூடவேண்டும்.

வெள்ளைக் கருவை எண்ணெய்ப் பிசுக்கற்ற பாத்திரத்தில் நுரைக்க அடித்து, ஐம்பது கிராம் சர்க்கரையைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, நுரை நிமிர்ந்து நிற்கும்வரை அடித்து மேலே பரப்புக. கலவை சூடாயிருக்கும்போதே பரப்பவேண்டும். நுரை பாத்திரத்தின் விளிம்பைத் தொடவும் வேண்டும். "ஆறியபின் போட்டால் அடியில் வேகாது, பாதர். பிறகு அது அழும்" என்றார் மூதாட்டி. நுரைக்கடியில் நீர் கசிவதை அவர்கள் அவ்வாறே கூறுவர். 175 டிகிரி வெப்பத்தில் பதினைந்து நிமிடம் வேகவைத்தால் மேற்புறம் பொன்னிறமாகும்.

நுரைக்குப் பதிலாகக் கடைந்த பாலேடு போடுவோரும் அங்கு உண்டு. கடையில் வாங்கும் உடனடிப் பொடியைப் பாலில் கரைப்போரும் உண்டு. முன்னதை ஏற்கலாம். பின்னதைப் பற்றி அம்மூதாட்டி கூறியதை இவ்விதழில் எழுதுவதற்கில்லை.

ஆறியதும் உண்போர் சிலர். ஆயினும் ஓர் இரவு குளிர்பெட்டியில் இருந்தால்தான் பிஸ்கட்டு ஈரத்தை உறிஞ்சிக் கேக்குப்போல் மென்மையாகும். அதனாலேயே இது முன்னாளே செய்யவேண்டிய பண்டம்.

நம் இல்லங்களில் செய்ய விரும்புவோர் மோரிஸ் பழத்தைக் கொள்க. அமெரிக்கர் இன்று உண்பதும் அதே இனமே. நேந்திரம் உறுதி மிக்கதாதலால் பொருந்தாது. அங்குள்ள பிஸ்கட்டு கிடைக்காவிடில் மேரி பிஸ்கட்டு போதும். ஆனால் நனைய நேரம் கூடுதலாகும். சூட்டடுப்பு இல்லாதவர்கள் நுரையை விட்டுவிடலாம். பச்சை வெள்ளைக் கருவை அப்படியே பரப்புதல் உடலுக்கு ஆகாது. அதைக் காலையில் பிள்ளைகளுக்குப் பொரித்துக் கொடுங்கள்.

ஊர் திரும்பிய பின், எம் அன்னையாரின் நினைவு நாள்தோறும் இதைச் செய்து வருகின்றோம். சென்ற ஆண்டு அவ்வாரத்தில் எம் பங்கில் கணவரை இழந்த ஒரு குடும்பத்திற்கும் ஒரு பாத்திரம் கொண்டு சென்றோம். அடியில் பெயர் ஒட்டியிருந்தோம். பத்து நாள் கழித்து அந்த அம்மையார் தம் பிள்ளைகளுடன் பங்கு இல்லம் வந்தார். பாத்திரம் நிறைய முறுக்கு இருந்தது.