புதுச்சேரியில் பழைய கார்: உப்பு, வெள்ளம், காகிதம்

செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கப் போகிறவர்கள் வழக்கமாகக் கேட்பது, எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, எத்தனையாவது ஓனர், கடைசி விலை என்ன என்பதைத்தான். கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் புதுச்சேரி மாதிரி கடலோர, எல்லையோர ஊரில் இவை மட்டும் போதாது. வண்டி எங்கே நிறுத்தப்பட்டிருந்தது, எந்தத் தண்ணீரில் நின்றது, எந்த மாநில எண்ணோடு வருகிறது என்பதையும் பார்த்தாக வேண்டும். மீட்டரைத் திருப்பிவைக்கலாம், பட்டி பார்த்து பெயின்ட் அடித்துப் பளபளவென்று நிறுத்தலாம். அடிப்பக்கத் துருவையும் ஆவணங்களையும் மறைப்பது அவ்வளவு சுலபமில்லை.

வெள்ளத்தில் நின்ற வண்டியா?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, 24 மணி நேரத்தில் 45 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் போன்ற தாழ்வான பகுதிகளில் வீடுகளுக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. வாசலில் நின்ற கார்களின் கதி சொல்ல வேண்டியதில்லை. அடுத்தடுத்த நாட்களில் விழுப்புரம், கடலூர் மாவட்டங்களிலும் வெள்ளம். சென்னையிலோ 2015-லும் 2023-லும் டிசம்பர் வெள்ளங்கள். இப்படி மூழ்கிய வண்டிகள் எல்லாம் காயலான் கடைக்குப் போய்விடுவதில்லை. பழுதுபார்க்கும் செலவு, காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் நிறுவனங்கள் பொதுவாக 'டோட்டல் லாஸ்' என்று கணக்கை முடித்துவிடும். அந்த வண்டியை அப்படியே ஏலத்தில் எடுத்துச் சரிசெய்து, மறுபடி சந்தைக்குக் கொண்டுவருபவர்கள் உண்டு.

சோதனையை முன் சீட் பெல்ட்டில் தொடங்குங்கள். மெதுவாக இழுத்துக்கொண்டே இருங்கள், முழு நீளமும் வெளியே வரட்டும். கண்ணில் படும் பகுதியை விற்பவர் நன்றாகத் துவைத்திருப்பார். சுருளுக்குள் கிடந்த கடைசி ஒரு முழத்தில் சேற்றுக் கறையோ, கோடு போட்டது போலப் பழுப்பு நிறமோ, பூஞ்சைப் புள்ளிகளோ இருந்தால், தண்ணீர் எந்த உயரம் வரை நின்றது என்பது அங்கேயே தெரிந்துவிடும். அடுத்து சீட்டை முன்னே தள்ளி, தரையோடு பிணைத்திருக்கும் போல்ட்டுகளைப் பாருங்கள். மழையில் நனைந்த செருப்பு ஈரத்தால் அங்கே கனத்த துரு ஏறாது. டிக்கியில் ஸ்டெப்னி டயரை எடுத்துவிட்டு அடியில் வண்டல் படிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஹெட்லைட், டெயில் லைட் கண்ணாடிக்குள் நீர்க்கோடு, ஃப்யூஸ் பெட்டிக்குள் பச்சை பூத்த ஒயர் முனைகள், ஏ.சி. போட்டதும் வரும் ஈர நாற்றம் எல்லாமே சாட்சிகள்தான். உள்ளே தூக்கலாக வாசனைத் திரவியம் அடித்திருந்தால் இன்னும் கொஞ்சம் உஷாராகப் பாருங்கள்.

பாலிசித் தாளிலும் ஒரு தடயம் கிடைக்கும். கிளெய்ம் எடுக்காத ஒவ்வோர் ஆண்டுக்கும் சொந்தச் சேத பிரீமியத்தில் 'நோ கிளெய்ம் போனஸ்' தள்ளுபடி 20, 25, 35, 45 என்று ஏறி 50 சதவீதத்தில் நிற்கும். ஆறு வருட வண்டி, ஒரே ஓனர், பாலிசி விடுபடவே இல்லை. ஆனால் 2025-ல் புதுப்பித்த பாலிசியில் போனஸ் பூஜ்யம் என்றால், அதற்கு முந்தைய பாலிசி ஆண்டில் ஏதோ கிளெய்ம் நடந்திருக்கிறது. என்ன கிளெய்ம் என்று நேரடியாகக் கேளுங்கள். பெயர் மாறினாலோ, பாலிசி 90 நாளுக்கு மேல் காலாவதியாகிக் கிடந்தாலோகூட போனஸ் போய்விடும் என்பதால், இதை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். போனஸ் குறையாமல் இருக்கத் தனியாகப் பணம் கட்டியவர்களும் உண்டு. எனவே 50 சதவீதம் இருப்பதைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடவும் கூடாது.

உப்புக்காற்று தின்ற இடங்கள்

வைத்திக்குப்பம், குருசுக்குப்பம், சோலை நகர் போன்ற கடலோரத் தெருக்களில் பல வருடம் வெட்டவெளியில் நின்ற கார், ஓடாமலே தேயும். உப்பு, காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பின் மேல் பிடித்து வைத்துக்கொள்வதால், மழை இல்லாத நாளிலும் துரு வளர்ந்துகொண்டே இருக்கும்.

வண்டியை ஏதாவது ஒரு சர்வீஸ் நிலையத்தில் லிஃப்ட்டில் ஏற்றிக் காட்டினால்தான் விலை பேசுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுப்பவரிடம் வாங்காதீர்கள். நட்டு, போல்ட்டு, சைலன்சர் மேல் லேசாகச் செந்நிறத் துரு இருந்தால் அது வயசின் அடையாளம், பயமில்லை. செதில் செதிலாக உரிந்தாலோ, ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டும்போது பொத்தென்று சத்தம் வந்தாலோ விலகிவிடுங்கள். பிரேக் குழாய்கள், சஸ்பென்ஷன் பிணையும் இடங்கள், சக்கர வளைவின் உள்விளிம்பு, கதவுகளின் அடிவிளிம்பு ஆகியவற்றில்தான் நிதானமாக நிற்க வேண்டும். விற்பதற்குச் சற்று முன் புத்தம் புதிதாகக் கறுப்பு கோட்டிங் அடித்திருந்தால், துருவைச் சுரண்டிவிட்டு அடித்ததா, துருவின் மேலேயே அடித்ததா என்று மெக்கானிக்கிடம் காட்டிக் கேளுங்கள். முன்பக்கம் ஏ.சி. கண்டென்சரின் மெல்லிய அலுமினியத் தகடுகள் பொடிப்பொடியாக உதிர்வதும் உப்பின் வேலைதான். மாற்றும் செலவை விலையில் குறைக்கச் சொல்லலாம்.

குறைந்த கிலோமீட்டர் என்றால் நல்ல வண்டியா?

புதுச்சேரி சின்ன ஊர். பிள்ளையைப் பள்ளியில் விடுவது, பெரிய மார்க்கெட் போவது, நேரு வீதியில் இடம் தேடிச் சுற்றுவது என்று ஓடும் கார், பத்து வருடத்தில் முப்பதாயிரம் கிலோமீட்டர்கூடத் தாண்டாமல் இருப்பது சாத்தியமே. ஆனால் எஞ்சின் முழுச்சூடு ஏறும் முன்பே அணைக்கப்படும் ஓட்டம் அது. எரியும்போது உண்டாகும் நீராவி வெளியேற வழியில்லாமல் ஆயிலிலும் சைலன்சரிலும் தங்கும். பேட்டரி முழுதாக சார்ஜ் ஏறாது. கிளட்சும் பிரேக்கும் கணக்குக்கு மேல் தேயும். அத்தகைய வண்டியைவிட, வாராவாரம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னை போய்வந்து, காலத்துக்கு ஆயில் மாற்றிய எண்பதாயிரம் கிலோமீட்டர் வண்டி மேலாக இருக்கலாம்.

டீசல் வாங்குகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். 2020 ஏப்ரல் 1 முதல் விற்பனையான பி.எஸ். 6 டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி உண்டு. சீரான வேகத்தில் நெடுஞ்சாலையில் ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து வடிகட்டி சுத்தமாகும். ஊருக்குள் மட்டும் ஓட்டினால் அடைத்துக்கொண்டு பெரிய செலவு வைக்கும். உங்கள் ஓட்டம் நகரத்துக்குள்தான் என்றால் பெட்ரோல் வண்டியே பொருத்தம்.

மீட்டர் சொல்வது உண்மையா என்பதற்கு டயரைப் பாருங்கள். பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரான டயர். மீட்டர் 18,000 காட்டும் 2021 மாடல் காரில் நான்கு டயரும் 2024-ல் செய்தவை என்றால், கம்பெனி டயர்கள் அதற்குள் எப்படித் தேய்ந்தன என்று கேட்க வேண்டும். ஆக்சிலேட்டர், கிளட்ச் பெடல் ரப்பரின் தேய்மானமும், கம்பெனி சர்வீஸ் நிலையத்தின் பில்களில் பதிவான கிலோமீட்டரும் பொய் சொல்லாது.

பி.ஒய். எண், டி.என். எண்

முத்தியால்பேட்டையைத் தாண்டி வடக்கே கொஞ்ச தூரம் போனால் கோட்டக்குப்பம். அது விழுப்புரம் மாவட்டம். கூப்பிடு தூரத்தில் இருக்கும் அண்ணாச்சியிடம் வாங்கினாலும், டி.என். எண் வண்டி என்றால் சட்டப்படி அது வெளிமாநில வண்டிதான். பழைய ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் படிவம் 28 கொடுத்து என்.ஓ.சி. வாங்கி, இங்கே வரி கட்டி, பி.ஒய். எண் பெற வேண்டும். வேறு மாநில எண்ணோடு 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருக்கக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம், 1988.

எதிர்த்திசையில் போகிறவர்களும் கணக்குப் போட வேண்டும். புதுச்சேரியில் வாகன வரி குறைவு. தமிழ்நாடு 2023 நவம்பரில் புதிய கார்களுக்கான வாழ்நாள் வரியை விலைக்கு ஏற்ப 12 முதல் 20 சதவீதமாக உயர்த்தியது. ஆகவே கடலூர்க்காரருக்கோ திண்டிவனத்துக்காரருக்கோ பி.ஒய். வண்டி மலிவாகத் தெரிந்தால், அங்கே கட்ட வேண்டிய வரியையும் சேர்த்துப் பார்த்துவிட்டுத்தான் மலிவா இல்லையா என்று சொல்ல முடியும். புதுச்சேரி முகவரி காட்டி சொகுசு கார்களைப் பதிவு செய்ததற்காக 2017-ல் கேரளத்துத் திரைப்பிரபலங்கள் சிலர் வழக்கைச் சந்தித்தது நினைவிருக்கலாம்.

ஊர்க்கார வண்டியே ஆனாலும் பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடக் கூடாது. படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்குங்கள். கடன் வாங்கி எடுத்த வண்டி என்றால் வங்கியின் கடிதத்தோடு படிவம் 35-ம் வேண்டும், ஆர்.சி.யில் எச்.பி. (கடன் அடமானப் பதிவு) கேன்சல் ஆனதைக் கண்ணால் பார்த்த பிறகே முழுப்பணம். விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. விற்றவருக்கும் இதில் அக்கறை இருந்தாக வேண்டும். கைக்குக் கை மாறிய காரால் நடந்த விபத்து ஒன்றில், ஆர்.சி.யில் பெயர் இருந்தவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 'அப்புறம் மாற்றிக்கொள்கிறேன்' என்று சொல்லும் பார்ட்டிக்குச் சாவியைக் கொடுக்காதீர்கள்.

கடையில் வாங்கினால், 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி கடைக்காரர் அங்கீகாரம் பெற்ற டீலரா என்று கேளுங்கள். படிவம் 29-பி என்பது அந்தச் சான்று. எம்-பரிவாஹன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு, பதிவு தேதி, எச்.பி., காப்பீடு, அபராதம் எல்லாவற்றையும் ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் பானெட்டைத் திறந்து நீங்களே படித்துப் பாருங்கள். 15 வருடம் நெருங்கிய வண்டி என்றால் எஃப்.சி. காட்டி ஐந்து வருடம் நீட்டிக்கலாம், ஆனால் 2022 ஏப்ரல் முதல் அதற்கான கட்டணம் 5,000 ரூபாய்.

மூன்றாம் நபர் காப்பீடு வண்டியோடு தானாக வந்துவிடும். உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்குப் பணம் கிடைக்க வேண்டுமானால் பாலிசி உங்கள் பெயருக்கு மாற வேண்டும். 14 நாளுக்குள் விண்ணப்பியுங்கள். விற்றவரின் போனஸ் அவரோடே போய்விடும், பிரீமியம் கூடும்.

வாங்கிய பிறகு

மறைமலை நகர் ஆலையில் இருந்து வந்த ஃபோர்டு ஈகோஸ்போர்ட் போன்றவை மலிவாகக் கிடைக்கக் காரணம், 2021 செப்டம்பரில் அந்த நிறுவனம் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்ததுதான். எடுக்கக் கூடாது என்றில்லை. பக்கத்தில் யார் வேலை பார்ப்பார், ஸ்பேர் எத்தனை நாளில் வரும் என்று முதலில் விசாரியுங்கள்.

எந்த வண்டியானாலும் முதல் மாதத்திலேயே எஞ்சின் ஆயில், எல்லா ஃபில்டர்கள், கூலன்ட், பிரேக் ஆயில் ஆகியவற்றை மாற்றிவிடுங்கள். இந்தச் செலவுக்கு வாங்கும் பணத்திலேயே ஒதுக்கி வையுங்கள். ரப்பர் டைமிங் பெல்ட் உள்ள எஞ்சின் என்றால் மாற்றிய பில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் அதையும் மாற்றுங்கள். அந்த பெல்ட் அறுந்தால் எஞ்சினே போகும். அதன் பிறகு பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அப்போது ஆயில். குறைவாக ஓட்டுகிறவர்களுக்கு வருடக் கணக்குதான் பொருந்தும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் என்பதால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை.

ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். கடலோரப் பகுதிகளில் நிலத்தடி நீரும் உப்பேறியது. அதே தண்ணீரில் வண்டி கழுவினால் வெள்ளைத் திட்டுகள் படியும். கடைசி வாளியாவது நல்ல தண்ணீராக இருக்கட்டும். மாதம் ஒருமுறை அடிப்பக்கம் கழுவுங்கள். கதவின் அடியில் தண்ணீர் வடியும் சிறு துளைகளில் மண் அடைத்திருந்தால் குச்சியால் குத்தி எடுங்கள். கதவு உள்ளிருந்து துருப்பிடிப்பது அங்கேதான்.

அக்டோபர் பிறக்கும் முன் வைப்பர், டயர், பேட்டரி மூன்றையும் பார்த்துவிடுங்கள். பாலிசியில் எஞ்சின் பாதுகாப்பு சேர்த்திருக்கிறதா என்றும் பாருங்கள், சாதாரண பாலிசியில் தண்ணீர் புகுந்து கெட்ட எஞ்சினுக்குப் பணம் கிடைப்பது கடினம். வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் சக்கரத்தின் பாதியைத் தாண்டி நின்றுவிட்டால், வடிந்த பிறகும் ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, படம் எடுத்து வைத்துக்கொண்டு, காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லி, இழுத்துப் போக ஏற்பாடு செய்யுங்கள்.

இதற்கெல்லாம் ஆன பில்களை ஒரு ஃபைலில் தேதி வாரியாகப் போட்டு வையுங்கள். நாளைக்கு நீங்கள் இதே வண்டியை விற்கும்போது, விவரம் தெரிந்தவர் எவரும் மீட்டரை நம்பி விலை சொல்ல மாட்டார். அந்த ஃபைலைப் பார்த்துத்தான் சொல்வார்.