ஏலச் சுத்தியல் தட்டும் முன்னே அடித்துச் சொல்கிறேன்! உங்களுக்குத் தெரியுமா?

பம்மல், அனகாபுத்தூர், பல்லாவரம் பக்கம் ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பந்தோடு கிளம்பும் பையன்களே! அவர்களைத் திட்டும் அப்பாக்களே! இந்த வாரம் முழுக்க உங்களுக்குத்தான்!

ஐ.பி.எல். ஏலம் வருகிறது என்றாலே ஊரெல்லாம் ஜோசியம்! இந்தப் பையன் கோடிக்குப் போவான், அந்தப் பையன் விலை போக மாட்டான்! அந்த ஜோசியம் எங்கே பலித்தது, எங்கே கவிழ்ந்தது? தேடித் தேடிப் பிடித்து வந்திருக்கிறேன். நடுநடுவே என் தீர்ப்பும் உண்டு!

நம்ம பக்கத்துக் கோடீஸ்வரர்கள்!

★ தாம்பரம் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையில் போனால் காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். வருகிறதா? அங்கே கட்டடக் கலை படித்தவர்தான் வருண் சக்கரவர்த்தி! வீட்டுக்கு வரைபடம் போட்ட கை, 2019 ஐ.பி.எல். ஏலத்தில் 8.4 கோடிக்குப் போனது! அடிப்படை விலை எவ்வளவு தெரியுமா? வெறும் 20 லட்சம். சரியாக 42 மடங்கு!

★ அந்த ஏலத்துக்கு ஒரு வருஷம் முன்பு அவர் ஆடியது எங்கே? சென்னை லீக்கின் நான்காம் டிவிஷனில்! 7 ஆட்டம், 31 விக்கெட்!

★ பதினேழு வயதுவரை அவர் பந்து வீச்சாளரே இல்லை. விக்கெட் கீப்பர்!

★ ஓ.எம்.ஆர். காலவாக்கம் எஸ்.எஸ்.என். பொறியியல் கல்லூரியில் ஐ.டி. படித்த பையன் ஒருவர் பின்னால் 537 டெஸ்ட் விக்கெட் எடுத்தார். ரவிச்சந்திரன் அஸ்வின்! 2025 ஐ.பி.எல். ஏலத்தில் 38 வயதிலும் 9.75 கோடி!

★ அதே கல்லூரி, அதே பெயர், அதே சுழல்! முருகன் அஸ்வினும் எஸ்.எஸ்.என். மாணவர்தான். 2016 ஏலத்தில் 10 லட்சத்தில் ஆரம்பித்து 4.5 கோடியில் நின்றது விலை. 45 மடங்கு!

★ கிண்டி பொறியியல் கல்லூரி மட்டும் சளைத்ததா? வெங்கட்ராகவன், ஸ்ரீகாந்த் இரண்டு பேருமே அங்கே படித்த இன்ஜினியர்கள்! இரண்டு பேருமே இந்திய கேப்டன்கள்! 1975-ல் நடந்த முதல் உலகக் கோப்பையில் இந்தியாவுக்குத் தலைமை தாங்கியவர் வெங்கட்ராகவன்!

★ பல்கலைக்கழகங்களுக்கு இடையே நடக்கும் ரோஹின்டன் பாரியா கோப்பை எப்போது தொடங்கியது? 1935! ஐ.பி.எல்.லுக்கு 73 வயது மூத்தது! கல்லூரி மைதானத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள்!

என் முதல் தீர்ப்பு: ஜி.எஸ்.டி. சாலைக்கும் ஓ.எம்.ஆருக்கும் நடுவே இருக்கும் கல்லூரி மைதானங்களிலிருந்து அடுத்த கோடீஸ்வரச் சுழல் பந்து வீச்சாளர் வருவார். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்!

இந்தியாவிலும் 'டிராஃப்ட்' நடந்தது!

★ 2008 மார்ச். மலேசியாவில் 19 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பையை வென்று வந்த பையன்களை ஏலம் விடவில்லை. வரிசை போட்டுப் பொறுக்கி எடுத்தார்கள்! முதல் வாய்ப்பு டெல்லிக்கு. டெல்லிப் பையன், உலகக் கோப்பை கேப்டன் கண்ணெதிரே நிற்கிறார். டெல்லி எடுத்தது பிரதீப் சங்வானை! விட்டுவிட்டது யாரை? விராட் கோலியை!

★ அடுத்த வாய்ப்பு பெங்களூருக்கு. எடுத்தார்கள். அத்தோடு சரி, கோலி வேறு எந்த ஐ.பி.எல். அணிக்கும் ஆடவே இல்லை! 18-வது சீசனில், 2025 ஜூன் 3-ம் தேதி கோப்பையும் வந்தது!

★ அந்த உலகக் கோப்பை அணியில் நம் தமிழ்நாட்டுப் பையன் ஒருவர் இருந்தார். பெயரைக் கேட்டால் அசந்துபோவீர்கள். நெப்போலியன் ஐன்ஸ்டீன்! 2008-ல் சென்னை சூப்பர் கிங்ஸ் அணியிலும் இருந்தார்!

★ கால்பந்துக்கும் டிராஃப்ட் உண்டு! 2017 ஜூலை 23, மும்பை. ஐ.எஸ்.எல். வரிசையில் டெல்லி டைனமோஸ் பொறுக்கிய பெயர்களில் ஒன்று நந்தகுமார் சேகர். சென்னைப் பையன்!

★ அதே நந்தகுமார் 2023 ஆகஸ்டில் டுராண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்காலுக்காக மோகன் பகானுக்கு எதிராக அடித்தார் ஒரு கோல். ஒரே கோல்! நாலரை வருஷமாக அந்த மோதலில் ஜெயிக்காமல் தவித்த ஈஸ்ட் பெங்காலுக்கு வெற்றி! கொல்கத்தாவே நம்ம பையன் பெயரைச் சொன்னது!

அமெரிக்காவில் இதுவே ஒரு திருவிழா!

★ அங்கே கல்லூரியில் அமெரிக்கன் ஃபுட்பால் ஆடும் பையன்களை என்.எஃப்.எல். அணிகள் வரிசையாகப் பொறுக்கும். 2024-ல் டெட்ராய்ட் நகரில் இதைப் பார்க்க வந்த கூட்டம் 7,75,000! ஆட்டமே கிடையாது. பெயர் வாசிப்பதைக் கேட்கத்தான் இவ்வளவு கூட்டம்!

★ முதல் டிராஃப்ட் 1936-ல். முதன்முதலாகப் பெயர் வாசிக்கப்பட்டவர் ஜே பெர்வாங்கர். அவர் என்.எஃப்.எல்.லில் ஆடிய ஆட்டங்கள்? பூஜ்யம்! சம்பளம் ஒத்துவரவில்லை, ஆட மாட்டேன் என்றுவிட்டார்!

★ டாம் பிரேடி 2000-ல் எத்தனையாவது ஆளாகப் பொறுக்கப்பட்டார்? 199! அவருக்கு முன்பு அதே இடத்தில் ஆடும் 6 பேரை எடுத்துவிட்டார்கள். கடைசியில் சூப்பர் பவுல் என்னும் இறுதிப் போட்டியை 7 முறை ஜெயித்தவர் யார்? அந்த 199-வது ஆள்!

★ 2022 டிராஃப்டில் கடைசி ஆள், 262-வது ஆள் பிராக் பர்டி. 2024 பிப்ரவரியில் சூப்பர் பவுலில் தன் அணியை நடத்தியவரும் அவரே!

★ 2025-ல் ஷெடூர் சாண்டர்ஸ் முதல் சுற்றிலேயே போவார் என்று பண்டிதர்கள் பலர் ஆரூடம் சொன்னார்கள். போனது ஐந்தாம் சுற்றில். 144-வது ஆளாக!

★ டிராஃப்டுக்கு முன்பு பையன்களை ஓடவிட்டுக் கடிகாரம் பிடிப்பார்கள். 40 கெஜம். 2024-ல் சேவியர் வொர்த்தி ஓடிய நேரம் 4.21 விநாடி. சாதனை!

என் இரண்டாம் தீர்ப்பு: கடிகாரம் காலை அளக்கும், நெஞ்சை அளக்காது. 199-வது ஆளைத் தேடுகிற அணிக்குத்தான் கோப்பை!

விலை ஏறியது, ஆட்டம்?

★ 2016-ல் பவன் நேகியை டெல்லி வாங்கிய விலை 8.5 கோடி. அடுத்த வருஷம் பெங்களூர் வாங்கிய விலை 1 கோடி. ஒரே வருஷத்தில் ஏழரைக் கோடி காலி!

★ 2021-ல் நம் சென்னை அணி கிருஷ்ணப்பா கௌதமை 9.25 கோடிக்கு வாங்கியது. அந்த சீசனில் அவர் ஆடிய ஆட்டங்கள்? ஒன்றுகூட இல்லை! அடுத்த ஏலத்தில் 90 லட்சம்!

★ சமீர் ரிஸ்வி: 2024-ல் சென்னைக்கு 8.4 கோடி. 2025-ல் டெல்லிக்கு 95 லட்சம்!

★ நம் வருணுக்கும் அதே சோதனைதான்! 2019-ல் ஐ.பி.எல்.லில் அவர் வீசிய முதல் ஓவர். எதிரே சுனில் நரைன். போன ரன் 25! அந்த சீசனில் ஒரே ஒரு ஆட்டம். அடுத்த ஏலத்தில் விலை 8.4 கோடியிலிருந்து 4 கோடியாக இறங்கியது. முடிந்தது கதை என்றார்கள்!

★ முடிந்ததா? 2024-ல் 21 விக்கெட், கொல்கத்தாவுக்குக் கோப்பை! 2025-க்கு 12 கோடி கொடுத்துத் தக்கவைத்தார்கள். 33 வயதில் ஒருநாள் போட்டி அறிமுகம். அடுத்த மாதமே சாம்பியன்ஸ் டிராஃபியில் நியூசிலாந்துக்கு எதிராக 42 ரன்னுக்கு 5 விக்கெட்!

என் மூன்றாம் தீர்ப்பு: முதல் ஏலத்தை நம்பாதீர்கள். ஒரு பையனுக்கு மூன்று சீசன் கொடுங்கள். ஆட்டம்தான் உண்மை பேசும்!

இருபது லட்சத்து வைரங்கள்!

★ சேலம் பக்கம் சின்னப்பம்பட்டி நடராஜன், இருபது வயதுவரை டென்னிஸ் பந்தில் மட்டுமே வீசியவர். 2017 ஏலத்தில் 10 லட்சத்தில் ஆரம்பித்து 3 கோடி! 2025 ஏலத்தில் 10.75 கோடி!

★ 2020-ல் ஆஸ்திரேலியாவுக்கு அவர் போனது வலைப் பயிற்சியில் பந்து வீச. திரும்பி வந்தது? ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் அறிமுகமாகிவிட்டு! முதல் அறிமுகத்துக்கும் மூன்றாம் அறிமுகத்துக்கும் இடைவெளி 44 நாள்! ஒரே சுற்றுப்பயணத்தில் இப்படிச் செய்த முதல் இந்தியர்!

★ சாய் சுதர்சனை 2022-ல் குஜராத் வாங்கிய விலை 20 லட்சம். 2023 டி.என்.பி.எல். ஏலத்தில் கோவை வாங்கிய விலை 21.6 லட்சம். ஆமாம், ஐ.பி.எல். விலையைவிட உள்ளூர் விலை அதிகம்!

★ அந்த 20 லட்சத்துப் பையன் 2023 ஐ.பி.எல். இறுதியில் சென்னையை விளாசியது 47 பந்தில் 96! 2025-ல் 759 ரன். ஆரஞ்சுத் தொப்பி! தக்கவைத்த விலை 8.5 கோடி!

★ சாய் கிஷோரைச் சென்னை அணி 20 லட்சத்துக்கு எடுத்து இரண்டு சீசன் பெஞ்சில் உட்காரவைத்தது. ஒரு ஆட்டம்கூட இல்லை! 2022-ல் குஜராத் 3 கோடி கொடுத்து அழைத்துப்போனது. 2025-ல் 19 விக்கெட்! அதே வருஷம் திருப்பூர் அணிக்குக் கேப்டனாக டி.என்.பி.எல். கோப்பையும்!

★ நம் தமிழ்நாட்டு வீரர் ஷாருக் கானுக்கு 2021-ல் 5.25 கோடி, 2022-ல் 9 கோடி! நடுவே என்ன நடந்தது? 2021 சையத் முஷ்டாக் அலி இறுதி. கர்நாடகத்துக்கு எதிராகக் கடைசிப் பந்து. சிக்ஸர். தமிழ்நாட்டுக்குக் கோப்பை!

★ சுழல் பந்து வீச்சாளர் சித்தார்த் மணிமாறன் 2024 ஏலத்தில் 2.4 கோடிக்கு லக்னோ போனார். ஐ.பி.எல்.லில் அவருடைய முதல் விக்கெட் யார்? விராட் கோலி!

★ குர்ஜப்னீத் சிங் பஞ்சாபில் பிறந்து, தமிழ்நாட்டுக்கு ரஞ்சி ஆடுபவர். சென்னை கொடுத்தது 2.2 கோடி. 2025-ல் காயம், ஒரு ஆட்டமும் ஆட முடியவில்லை. அவருக்குப் பதில் வந்த டெவால்ட் பிரெவிஸ் விலையும் அதே 2.2 கோடி!

★ ஷஷாங்க் சிங்கைப் பஞ்சாப் 2024 ஏலத்தில் எடுத்ததும் மேடையிலேயே குழப்பம்! வேறொருவர் என்று நினைத்தார்களாம். சுத்தியல் தட்டியாயிற்று, திருப்பித் தர முடியாது! அந்த 20 லட்சத்து வீரர் எடுத்த ரன் 354. அடுத்த வருஷச் சம்பளம் 5.5 கோடி!

என் நான்காம் தீர்ப்பு: அடிப்படை விலையைப் பார்த்து ஆளை எடைபோடுபவருக்குக் கிரிக்கெட் தெரியாது. அவ்வளவுதான்!

பால் மணம் மாறாத கோடிகள்!

★ வைபவ் சூர்யவன்ஷி, பீகார் பையன். ராஜஸ்தான் 1.1 கோடிக்கு வாங்கியபோது வயது 13! ஐ.பி.எல். தொடங்கி மூன்று வருஷம் கழித்துப் பிறந்தவர்! 2025 ஏப்ரல் 28-ம் தேதி 35 பந்தில் சதம். ஐ.பி.எல்.லில் இந்தியர் அடித்ததில் அதுவரை இதுவே அதிவேகம்!

★ பெண்கள் மட்டும் குறைவா? மதுரைப் பெண் கமலினி. 2024 டிசம்பர், டபிள்யூ.பி.எல். ஏலம். அடிப்படை விலை 10 லட்சம். மும்பை கொடுத்தது 1.6 கோடி! வயது 16!

★ 2025 டிசம்பர், அபுதாபி. இந்திய அணிக்கு ஆடாத பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா. ஆளுக்கு 14.2 கோடி! இரண்டு பேரையும் வாங்கியது நம் சென்னை! 30 லட்சத்தில் தொடங்கிய விலை 47 மடங்கு!

★ கபடியை விடலாமா? 2022-ல் பவன் செராவத்துக்குத் தமிழ் தலைவாஸ் கொடுத்தது 2.26 கோடி. முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் காயம். சீசன் முழுக்க வெளியே! ஆனால் தலைவாஸ்? வரலாற்றில் முதன்முறையாக அரையிறுதி!

என் ஐந்தாம் தீர்ப்பு: அடுத்த ஐந்து வருஷத்தில் பெண்கள் ஏலத்தில் தமிழ்நாட்டுப் பெயர்கள் குவியும். பெண் பிள்ளைக்கு மட்டை வாங்கித் தரும் பம்மல் அப்பாவே, நீங்கள்தான் புத்திசாலி!

கடைசியாக ஒன்று. வருண் ஆடிய அந்த நான்காம் டிவிஷன் ஆட்டங்களைப் பார்க்க எத்தனை பேர் போயிருப்பார்கள்? 8.4 கோடி கண்ணெதிரே பந்து வீசிக்கொண்டிருந்தது! அப்படி ஒரு பையன் இப்போதும் நம் பக்கத்து மைதானம் ஒன்றில் வீசிக்கொண்டிருப்பான். ஏலத்தை டி.வி.யில் பார்ப்பது இருக்கட்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு லீக் ஆட்டத்துக்குப் போங்கள். கோடீஸ்வரன் ஆகும் முன்பே அவனுக்கு நீங்கள் கை தட்டுங்கள்!