ஒரு டிஷ், இரண்டு டெலிவிஷன்

மாடியில் ஒரு டிஷ் ஆன்டெனா. கீழே இரண்டு அறைகளில் இரண்டு டெலிவிஷன்கள். ஆன்டெனாவிலிருந்து வரும் சைகையைச் சிறிதும் இழப்பின்றி இரண்டு செட்-டாப் பெட்டிகளுக்கும் பங்கிட முடியுமா?

மாணவ நண்பர்களே, ஆற்றல் அழிவின்மை விதியை நீங்கள் படித்திருப்பீர்கள். ஒரு கேபிளில் வரும் சைகையின் திறனைச் சமமாகப் பிரித்தால், ஒவ்வொரு கிளைக்கும் பாதிதான் கிடைக்கும். இதைப் பொறியாளர்கள் டெசிபல் என்னும் அலகில் கூறுவர். 2-இன் மடக்கை 0.301, அதைப் பத்தால் பெருக்கினால் ஏறத்தாழ 3. ஆகவே எவ்வளவு உயர்ந்த ஸ்பிளிட்டரானாலும் 3 டெசிபல் குறைந்தே தீரும். பெருக்கி இல்லாத 'இழப்பில்லா ஸ்பிளிட்டர்' என்பது இயற்கையில் கிடையாது.

அப்படியானால் படம் கெட்டுவிடுமா? கெடவேண்டியதில்லை. ஏன் என்று பார்ப்போம்.

நீர் கலந்த பாலை இரண்டு தம்ளர்களில் ஊற்றுங்கள். அளவு பாதியாகும், திடம் குறையாது. பால்தான் சைகை, நீர்தான் இரைச்சல். படத்தின் தரத்தைத் தீர்மானிப்பது இவ்விரண்டின் விகிதமே. ஆனால் ஒவ்வொரு தம்ளரின் அடியிலும் முன்பே சில சொட்டு நீர் இருப்பதாகக் கொள்ளுங்கள். அது செட்-டாப் பெட்டி தானே உண்டாக்கும் இரைச்சல். ஊற்றும் பால் நிறைய இருந்தால் அச்சொட்டுகள் பொருட்டல்ல. ஒரு கரண்டிப் பாலானால் அது நீர்த்துப்போகும்.

எனவேதான் பெருக்கியை மாடியிலேயே வைக்கிறார்கள். சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்திலுள்ள துணைக்கோளிலிருந்து வரும் அலைகள் மிகமிக நலிந்தவை. டிஷ்ஷின் குவியத்திலுள்ள எல்.என்.பி. என்னும் கருவி அவற்றைச் சுமார் 55 டெசிபல், அதாவது ஏறத்தாழ 3 லட்சம் மடங்கு பெருக்குகிறது. அதன்பின் பாதியை இழப்பது பெரிதன்று. மாறாக, நலிந்துபோன சைகையை டெலிவிஷன் அருகில் பெருக்கினால் இரைச்சலும் சேர்ந்தே பெருகும். கெட்ட விகிதம் திருந்தாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. பல துணைக்கோள்கள் செங்குத்து, கிடை என இருவகைத் தளவிளைவுகளில் அலைகளை அனுப்புகின்றன. பெட்டி 13 வோல்ட் கொடுத்தால் எல்.என்.பி. செங்குத்து அலைகளைத் தெரிந்தெடுக்கும்; 18 வோல்ட் கொடுத்தால் கிடை அலைகளை. ஒரே கேபிளில் இரண்டு பெட்டிகளை இணைத்தால், ஒன்று 13-உம் மற்றொன்று 18-உம் கேட்கலாம். எல்.என்.பி. ஒரு நேரத்தில் ஒன்றுக்குத்தானே பணிய முடியும்? மற்ற பெட்டியில் அந்த நிகழ்ச்சி வராது. சைகை வலுவாக இருந்தும் படம் வராததன் காரணம் இதுவே.

இரண்டு வெளியீடுகள் உள்ள எல்.என்.பி. இரு சிக்கல்களையும் தீர்க்கிறது. அது அலைகளை முதலில் பெருக்குகிறது, பிறகே பங்கிடுகிறது. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தனித் தெரிவு அமைப்பு உண்டு. ஒவ்வொரு பெட்டிக்கும் தனிக் கேபிள் இழுத்தால் போதும்.

இனி ஒரு கணக்கு: சைகையை நான்கு பெட்டிகளுக்குச் சமமாகப் பிரித்தால் எத்தனை டெசிபல் குறையும்? மடக்கை அட்டவணையை எடுத்துப் பாருங்கள்.