கெஸ்கொய்னின் கண்ணீரும் பத்திரிகைகளின் பசியும்

இங்கிலாந்து நாட்டின் உதைபந்தாட்ட இரசிகர்களில் நடுத்தர வயதைத் தாண்டிய நால்வர் ஓரிடத்தில் கூடினால், போல் கெஸ்கொய்னின் பெயர் எப்படியும் பேச்சில் வந்துவிடும். 'கெஸா' என்று செல்லமாக அழைக்கப்பட்ட அந்த வீரரின் திறமை பற்றி அவர்களிடையே கருத்து வேறுபாடு இருப்பதில்லை. வாக்குவாதம் வேறொரு கேள்வியில்தான் தொடங்குகிறது. இவ்வளவு திறமை படைத்த ஒரு மனிதனை வீழ்த்தியது யார்? அவரது குடிப்பழக்கமா? அல்லது இரவு பகலாக அவரைத் துரத்திய பத்திரிகைகளா?

ஒரு சாரார், "பத்திரிகைகள்தான் அவரைக் கொன்றன" என்பர். மறு சாரார், "பத்திரிகைக்காரன் அவர் கையில் கிண்ணத்தைக் கொடுக்கவில்லையே" என்பர். இரண்டு கூற்றிலும் உண்மை உண்டு. ஆனால் இரண்டுமே முழு உண்மையல்ல. பிறருடைய வாழ்க்கையைப் படித்துப் பொழுதுபோக்கும் பழக்கம் நம் ஒவ்வொருவரிடமும் ஓரளவு இருப்பதால், இந்த வரலாற்றைச் சற்று நிதானமாக ஆராய்வது பயன் தரும்.

ஏழை வீட்டுப் பிள்ளை

1967ஆம் ஆண்டு மே மாதம், இங்கிலாந்தின் வடகிழக்கில் கேட்ஸ்ஹெட் நகரை அடுத்த டன்ஸ்டன் என்ற ஊரில், ஓர் எளிய தொழிலாளர் குடும்பத்தில் கெஸ்கொய்ன் பிறந்தார். பத்து வயதளவில், தன் பொறுப்பில் விடப்பட்டிருந்த நண்பனின் தம்பி வீதி விபத்தில் இறந்ததைக் கண்ணெதிரே கண்டார். அந்த அதிர்ச்சி அவரை விட்டு நீங்கவில்லை. முகமும் உடலும் தாமாகவே துடிக்கும் கோளாறும், ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யத் தூண்டும் மனப்பதற்றமும் இளவயதிலேயே அவரைப் பற்றிக்கொண்டன. இதை அவரே 2004இல் வெளிவந்த தமது சுயசரிதையில் விவரித்திருக்கிறார். ஆக, நோயின் வேர் பத்திரிகைகளுக்கு முந்தியது என்பதை முதலில் மனதில் கொள்ள வேண்டும்.

அந்தப் பதற்றம் அவரை விட்டு விலகிய ஒரே இடம் மைதானம். 1985இல் நியூகாசில் யுனைடெட் கழகத்தின் இளையோர் அணிக்குத் தலைமை தாங்கி இளையோர் எப்.ஏ. கிண்ணத்தை வென்றார். 1988இல் இங்கிலாந்தின் சிறந்த இளம் வீரராகத் தொழில்முறை வீரர்களாலேயே தெரிவு செய்யப்பட்டார். அதே ஆண்டில், அக்காலத்துப் பிரித்தானியாவில் எவருக்கும் கொடுக்கப்படாத விலையாக இரண்டு மில்லியன் பவுணுக்கும் மேல் கொடுத்து, லண்டனின் டொட்டன்ஹாம் கழகம் அவரை வாங்கியது. பந்தைக் காலில் ஒட்டவைத்தாற்போல் கொண்டுசெல்வார். மூன்று பேர் சூழ்ந்தாலும் தோளை ஒரு பக்கம் சாய்த்து மறுபக்கமாக நழுவி விடுவார். பயிற்றுவித்து வரக்கூடிய ஆட்டமல்ல அது.

டூரின் நகரில் ஓர் இரவு

1990ஆம் ஆண்டு உலகக் கிண்ணச் சுற்றுப்போட்டி இத்தாலியில் நடைபெற்றது. ஜூலை 4ஆம் திகதி டூரின் நகரில் இங்கிலாந்தும் மேற்கு ஜேர்மனியும் அரையிறுதியில் மோதின. மேலதிக நேரத்தில் தோமஸ் பெர்தோல்டைத் தடுக்கப் பாய்ந்த கெஸ்கொய்னுக்கு மத்தியஸ்தர் மஞ்சள் அட்டை காட்டினார். அச்சுற்றில் அது அவருக்கு இரண்டாவது அட்டை. இங்கிலாந்து வென்றாலும் இறுதிப் போட்டியில் ஆட முடியாது என்பது அந்தக் கணமே அவருக்குப் புரிந்தது. உதடு துடிக்க, கண்கள் கலங்கி நின்றார். சக வீரர் கெரி லினேக்கர், அவரைக் கவனிக்கும்படி பயிற்றுவிப்பாளர் பொபி ரொப்சனுக்குச் சைகை காட்டினார். ஆட்டம் 1-1 எனச் சமநிலையில் முடிந்து, தண்ட உதைகளில் இங்கிலாந்து தோற்றது. தோல்விக்குப் பின் சட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்ட அந்த 23 வயது இளைஞரை நாடே தன் பிள்ளையாக நினைத்தது. அந்த ஆண்டின் சிறந்த விளையாட்டு வீரருக்கான பிபிசியின் விருதும் அவருக்கே கிடைத்தது.

பத்திரிகைகளின் கணக்கு மாறியதும் அந்த இரவில்தான். அதுவரை உதைபந்தாட்டச் செய்தி கடைசிப் பக்கத்துக்கு உரியது. கெஸ்கொய்ன் முதற் பக்கத்துக்கு வந்தார். ஆட்டக்காரனின் ஆட்டத்தைப் பற்றி வாரத்துக்கு ஒரு முறைதான் எழுதலாம். ஆட்டக்காரனின் வாழ்க்கையைப் பற்றி நாள்தோறும் எழுதலாம். அவர் எங்கே சாப்பிட்டார், யாரோடு சிரித்தார், எவ்வளவு பருத்திருக்கிறார் என்பன எல்லாம் செய்தியாயின. 1990களின் நடுப்பகுதியில் 'த சன்' பத்திரிகை நாளொன்றுக்கு ஏறத்தாழ 40 இலட்சம் பிரதிகள் விற்றது என்பதிலிருந்து அந்தச் சந்தையின் பெருமையை ஊகித்துக்கொள்ளலாம். அவரும் சில வேளைகளில் தம் கதையைப் பணத்துக்கு விற்றார் என்பதையும் மறைக்கக் கூடாது. நெருப்போடு விளையாடுவது எளிது. அதை வீட்டுக்கு வெளியே நிறுத்துவதுதான் கடினம்.

ஒரு கோலும் ஒரு மன்னிப்பும்

1991 மே மாதம் எப்.ஏ. கிண்ண இறுதிப் போட்டியில் தாமே செய்த முரட்டுத்தனமான தடுப்பால் வலது முழங்காலின் தசைநார் அறுந்தது. நீண்ட சிகிச்சைக்குப் பின் 1992இல் இத்தாலியின் லாசியோ கழகத்துக்கும், 1995இல் ஸ்கொட்லாந்தின் ரேன்ஜர்ஸ் கழகத்துக்கும் சென்றார்.

1996இல் ஐரோப்பியக் கிண்ணப் போட்டி இங்கிலாந்தில் நடக்கவிருந்தது. அதற்குச் சற்று முன் ஹொங்கொங் சென்ற இங்கிலாந்து வீரர்கள், ஒரு மதுச்சாலையில் பல்வைத்தியரின் நாற்காலி போன்ற ஆசனத்தில் சாய்ந்திருக்க, அவர்கள் வாயில் மது ஊற்றப்பட்ட படங்கள் வெளியாயின. பத்திரிகைகள் கொதித்தெழுந்தன. ஜூன் 15ஆம் திகதி ஸ்கொட்லாந்துக்கு எதிராக, உயர்ந்து வந்த பந்தை இடது காலால் கொலின் ஹென்ட்ரியின் தலைக்கு மேலாகத் தூக்கி, நிலத்தில் விழுமுன்னரே வலது காலால் வலைக்குள் அடித்தார் கெஸ்கொய்ன். பின்னர் புற்றரையில் மல்லாந்து படுக்க, சக வீரர்கள் அவர் வாயில் தண்ணீர்ப் போத்தலைப் பீய்ச்சினார்கள். பத்திரிகைகளுக்கு அவர் கொடுத்த பதில் அது. முதல் வாரம்வரை வசைபாடிய 'டெய்லி மிரர்', அவரிடம் கேலி கலந்த மன்னிப்பொன்றை அச்சிட்டது.

பார்த்தீர்களா? தூற்றியதும் விற்றது, மன்னிப்பும் விற்றது. மனிதன் மட்டும் நடுவில் கிடந்தான்.

எழுத வேண்டியதை எழுதவும் வேண்டும்

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். பத்திரிகைகள் எழுதியவை எல்லாம் அநியாயம் என்று சொல்வது நீதியாகாது. அதே 1996ஆம் ஆண்டின் ஒக்டோபர் மாதத்தில் கெஸ்கொய்ன் தம் மனைவியைத் தாக்கினார். காயமுற்ற முகத்தோடும் கட்டுப்போட்ட கையோடும் அப்பெண்ணின் படம் பத்திரிகைகளில் வெளிவந்தது. மனைவியைத் துன்புறுத்தியதைப் பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டார். ஆயினும் சில வாரங்களிலேயே, ஜோர்ஜியாவுக்கு எதிரான உலகக் கிண்ணத் தகுதிகாண் போட்டிக்கு அவர் இங்கிலாந்து அணியில் சேர்க்கப்பட்டார். அவரைச் சேர்த்தது சரியா என்று நாடு முழுவதும் விவாதம் எழுந்தது.

அவரை நேசித்த இரசிகர்களில் பலர் இந்தப் பக்கத்தை மட்டும் புரட்டாமலே கடந்து செல்கிறார்கள். அது தவறு. வீட்டுக்குள் நடந்த அடி வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும் என்றால், அடிபட்டவளுக்கு நியாயம் எங்கிருந்து வரும்? பிறருக்கு இழைக்கப்பட்ட அநீதியை வெளிக்கொணர்வது பத்திரிகையின் கடமை. ஒருவனுடைய நோயையும் நாணத்தையும் கடைவிரிப்பது கடமையல்ல. பார்வைக்கு இரண்டும் 'அந்தரங்கச் செய்தி' போலவே தோன்றும். ஆனால் ஒன்று பாதிக்கப்பட்டவரின் குரல். மற்றது வேடிக்கை பார்ப்பவரின் கூச்சல்.

உண்மையாக இருந்த 'பிரமை'

இனி வருவதுதான் இவ்வரலாற்றின் மிகத் துயரமான பகுதி.

தம் தொலைபேசியை யாரோ ஒட்டுக்கேட்கிறார்கள் என்று கெஸ்கொய்ன் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தாய் தந்தையோடும் பிள்ளைகளோடும் பேசவே அஞ்சினார். தொலைபேசிகளை அடிக்கடி மாற்றினார். ஏற்கனவே மனநோய்க்குச் சிகிச்சை பெறுபவர் என்பதால், அதுவும் நோயின் ஒரு கூறு, வெறும் பிரமை என்றே கொள்ளப்பட்டது. 2008இல் மனநலச் சட்டத்தின் கீழ் அவர் தடுத்துவைக்கப்படும் நிலையும் வந்தது.

ஆனால் அது பிரமையல்ல. மிரர் குழுமத்தின் செய்தியாளர்கள் அவரது குரற்பதிவுப் பெட்டியை உண்மையிலேயே இரகசியமாகக் கேட்டுக்கொண்டிருந்தனர். வழி மிக எளியது. கைத்தொலைபேசியில் ஒருவர் விட்டுச்செல்லும் செய்திகளை வேறொரு தொலைபேசியிலிருந்தும் கேட்கும் வசதி இருந்தது. அதற்கான இரகசிய இலக்கத்தைப் பலர் மாற்றுவதில்லை. கம்பனி கொடுத்த இலக்கமே இருக்கும். ஒருவர் அழைத்து இணைப்பை நிரப்பி வைக்க, இன்னொருவர் அழைத்துக் குரற்பதிவுக்குள் நுழைந்து விடுவார். தாய் மகனுக்கு விட்ட செய்தியும், வைத்தியர் நோயாளிக்கு விட்ட செய்தியும் மறுநாள் செய்திக்கு மூலப்பொருளாயின.

2011இல் 'நியூஸ் ஒப் த வேர்ல்ட்' என்ற மற்றொரு பத்திரிகை இதே குற்றத்தால் மூடப்பட்ட பின்னர்தான் இந்த இருட்டுத் தொழில் முழுமையாக வெளிச்சத்துக்கு வந்தது. 2015 மார்ச் மாதம் லண்டன் உயர் நீதிமன்றத்தில் கெஸ்கொய்ன் சாட்சியமளித்தார். மே 21ஆம் திகதி நீதியரசர் மான் தீர்ப்பளித்தார். எட்டுப் பேருக்கு மொத்தமாக ஏறத்தாழ 12 இலட்சம் பவுண் நட்டஈடு. அதில் கெஸ்கொய்னுக்கு 188,250 பவுண்.

பணம் கிடைத்தது. ஆனால் உண்மையைச் சொன்னதற்காகப் பைத்தியக்காரன் எனப்பட்ட ஆண்டுகளை எந்த நீதிமன்றம் திருப்பிக் கொடுக்கும்? நோயாளி ஒருவன் தன் புத்தியையே நம்ப முடியாதபடி செய்யப்பட்டான். குடியை அவர் கையில் எவரும் திணிக்கவில்லைதான். ஆனால் குடியிலிருந்து எழ முயன்றவனின் காலடி மண்ணைத் தோண்டி எடுத்தவர்கள் இருந்தார்கள்.

இரசிகர்களின் பங்கு

வாக்குவாதத்தில் அதிகம் பேசப்படாத மூன்றாவது தரப்பு ஒன்று உண்டு. அது இரசிகர்களே.

1988இல் டொட்டன்ஹாம் அணியோடு நியூகாசில் மைதானத்துக்கு அவர் திரும்பி வந்தபோது, முன்பு அவரைக் கொண்டாடிய கூட்டமே 'மார்ஸ்' சொக்லட்டுகளை அவர்மீது வீசியது. இனிப்புத் தின்று பருத்தவர் என்ற கேலி அது. 2010இல், பொலிஸார் ஒரு துப்பாக்கிதாரியைச் சுற்றிவளைத்திருந்த இடத்துக்குக் கோழி இறைச்சியோடும் தூண்டிலோடும் அவர் வந்து சேர்ந்தபோது, நாடே விழுந்து விழுந்து சிரித்தது. மதுவாலும் போதைப்பொருளாலும் சித்தம் கலங்கிய ஒரு நோயாளி அங்கே நிற்கிறார் என்பதை அன்று எத்தனை பேர் நினைத்தார்கள்?

ஆனால் இரசிகர்கள் விழித்தெழுந்த சந்தர்ப்பங்களும் உண்டு. 1989 ஏப்ரலில் ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் சிக்கியவர்களில் 97 பேர் உயிரிழந்தனர். மாண்டவர்கள்மீதே பழி சுமத்திப் பொய்ச் செய்தி வெளியிட்ட 'த சன்' பத்திரிகையை லிவர்பூல் மக்கள் வாங்க மறுத்தார்கள். அந்தப் பகிஷ்கரிப்பு மூன்று தசாப்தங்களைக் கடந்தும் கைவிடப்படவில்லை. 1986இல் தொடங்கப்பட்ட 'வென் சட்டர்டே கம்ஸ்' போன்ற இரசிகர் சஞ்சிகைகள், பெரும் பத்திரிகைகள் எழுதும் விதத்தையே விமர்சித்தன. டொட்டன்ஹாம் இரசிகரான கவிஞர் இயன் ஹமில்டன் 1993இல் கெஸ்கொய்னைப் பற்றி 'கிராண்டா' சஞ்சிகையில் நீண்ட கட்டுரை எழுதினார். 2013இல் அவர் உடல் நடுங்கப் பொதுமேடையில் தோன்றிய பின், நண்பர்கள் சிலர் செலவை ஏற்று அவரை அமெரிக்காவுக்குச் சிகிச்சைக்கு அனுப்பிவைத்தனர். அன்பு என்பது இதுதான்.

நமக்கான மூன்று கேள்விகள்

அன்று தொலைதூரத்தைப் படம்பிடிக்கும் கமரா சில நூறு பேர் கையில் இருந்தது. இன்று கைத்தொலைபேசி உள்ள ஒவ்வொருவரும் படப்பிடிப்பாளர், ஒவ்வொருவரும் பத்திராசிரியர். வீதியில் ஒருவர் தள்ளாடினால் தாங்கிப் பிடிக்கும் கைகளைவிடப் படம் எடுக்கும் கைகளே அதிகம். எனவே லண்டன் பத்திரிகைகளைக் குறை சொல்லிவிட்டு நாம் ஒதுங்கிவிட முடியாது.

ஒரு செய்தியையோ படத்தையோ பிறருக்கு அனுப்புமுன், பெற்றோரும் பிள்ளைகளும் மூன்று கேள்விகளைத் தம்மிடமே கேட்டுக்கொள்ளட்டும். இது வெளிவராவிட்டால் எவருக்காவது அநீதி நிகழுமா? இது நேர்மையான வழியில் கிடைத்ததா? இதில் இருப்பவர் என் சகோதரனாக இருந்தால் இதை அனுப்புவேனா? அந்த மனைவியின் காயம்பட்ட முகம் முதற் கேள்வியில் தேறும். தாயின் குரற்பதிவு இரண்டாவதில் விழும். கோழியும் தூண்டிலுமாக நின்ற நோயாளியின் படம் மூன்றாவதில் விழும்.

கெஸ்கொய்ன் இங்கிலாந்துக்காக 57 போட்டிகளில் ஆடி 10 கோல்கள் அடித்தார். ஏட்டில் இருப்பது அவ்வளவே. அவரது ஆட்டத்தைப் பார்த்தவர்கள் அந்த எண்ணிக்கையை மறந்தாலும் அவரை மறக்க மாட்டார்கள். திறமையைக் கொண்டாடுவோம், குற்றத்தைக் குற்றமென்றே சொல்வோம், நோயைக் கண்டால் சிரிக்காமல் இருப்போம். இம்மூன்றையும் பிரித்தறியும் பக்குவம் நம் பிள்ளைகளுக்கு வாய்க்குமானால், அடுத்த தலைமுறையின் கெஸ்கொய்னுக்கு மைதானத்துக்கு வெளியேயும் நிம்மதியாக மூச்சுவிட ஓர் இடம் கிடைக்கும்.